பின்சீட்டில் காயாத இடம்

கார்களைச் சுத்தம் செய்யும் ரங்கெலுக்கு, துணி சீட்டில் கறை திரும்பி வருவது புதிதல்ல. மேலே எவ்வளவு சுத்தம் செய்தாலும் அடியில் இருக்கும் ஸ்பாஞ்சு கொஞ்சம் குடித்து வைத்திருக்கும். துணி காயக் காய அது மெல்ல மேலேறி, விளிம்பில் பழுப்பாகக் கரை கட்டி, நான் எங்கேயும் போகவில்லை என்று சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். காபி அப்படி வரும், பால் அப்படி வரும், நாய் மூத்திரம் நிச்சயம் வரும். ஆனால் எல்லாம் காய்ந்துதான் வரும். ஈரமாகத் திரும்பி வரும் கறையை அவன் பார்த்ததில்லை.

அந்தச் சாம்பல் நிறக் காரின் பின்சீட்டில், டிரைவருக்கு நேர் பின்னால் இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தான். சில்லென்று நனைந்தது. கையை ஒரு சாண் தள்ளி வைத்தான். மொறமொறவென்று காய்ந்திருந்தது. இரவு முழுக்க நான்கு கதவையும் திறந்துபோட்டு மின்விசிறியை ஓடவிட்டிருந்தான். விசிறி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, நேராக அந்த இடத்தைப் பார்த்து.

ஸ்பாஸ் மாமாவின் பழைய கார் வியாபாரம் ஸ்த்ருமா ஆற்றை ஒட்டிய சாலையில் இருந்தது. நவம்பர் பிறந்துவிட்டால் ஆற்றிலிருந்து ஏறும் மூடுபனி கொட்டகைக்குள் வந்து குடியேறிவிடும். கார்களின் கண்ணாடியிலும் மனிதர்களின் மீசையிலும் நீர் கோத்து நிற்கும். அதனால் ஈரத்துக்குக் காரணம் சொல்வது அங்கே ரொம்பச் சுலபம்.

"என்ன மாப்ளே, இன்னும் இந்த ஒரு சீட்டையே தடவிட்டு இருக்க? என் தங்கச்சி மகளக்கூட நீ இவ்ளோ தடவியிருக்க மாட்டியே!" ஸ்பாஸ் வாசலில் நின்று சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைத் துப்பினார். பெரிய வயிறு, சின்னக் கண், ஊரில் யார் விழுந்தாலும் முதலில் சிரிக்கிற வாய்.

"காயல மாமா."

"மூடுபனிடா. எனக்கு இந்த மாசத்துல காலுறையே காயாது. அதுக்காக காலை வெட்டிக்கிட்டேனா?"

"நாளைக்கு மத்தியானம் பாப்பா இதுல வரணும் மாமா."

"வரட்டுமே. பொறந்த பிள்ளைக்கு ஈரம் புதுசா? ஒம்பது மாசம் தண்ணிக்குள்ள கிடந்தது தானே?" சொல்லிவிட்டு அவரே சிரித்து, விதை தொண்டையில் சிக்கி இருமினார்.

கார் அவருடைய பரிசு. பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் எல்லார் முன்னாலும் கொடுத்தார். விற்கப்போனால் இந்தப் பக்கத்தில் எவனும் வாங்கமாட்டான் என்பதை மட்டும் சொல்லவில்லை. ரங்கெலுக்கு அது தெரியும். இருந்தாலும் வாங்கிக்கொண்டான். மனைவி ஸோர்னிட்சாவின் வயிற்றில் பிள்ளை தங்குவதும் கலைவதுமாக வருடங்கள் போயிருந்தன. வாங்கி வைத்த தொட்டிலை ஒவ்வொரு முறையும் பிரித்துப் பரணில் ஏற்றியவன் அவன்தான். கடைசியில் ஒரு பெண் பிறந்து, மூச்சு விட்டு, அழுது, ஆஸ்பத்திரியில் அவன் விரலைப் பிடித்தும் விட்டாள். அவளைப் பனியில் பஸ்ஸுக்காக நிற்கவைத்து வீட்டுக்குக் கொண்டுவர அவனுக்கு மனமில்லை. சுத்தமான, சூடான ஒரு கார். அவன் கேட்டது அவ்வளவுதான்.

காரை எடுத்துவரப் போனவனும் அவன்தான். ஆற்றுக்கு மேலே இருந்த கிராமத்தில் கெர்கினா என்ற பெண்மணி கேட்டருகே கறுப்புத் துணி கட்டிக்கொண்டு நின்றாள். கதவில் புருஷன் வெலிச்கோவின் மரண அறிவிப்பு ஒட்டியிருந்தது. படத்தில் அவன் மோவாயைத் தூக்கிக்கொண்டு, போட்டோ எடுத்தவனிடம் ஏதோ சண்டைக்குப் போகிறவன்போல இருந்தான். இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

"விலைக்குத்தான் தருவேன், தம்பி. ஒரு காசுன்னாலும் கையில வாங்கிட்டுத்தான். இனாமா மட்டும் தர மாட்டேன். இனாமாக் கொடுத்தா அது அவனுக்குப் போய்ச் சேர்ந்துடும்."

அந்தப் பக்கத்து ஆள்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இறந்தவர் பெயரைச் சொல்லி இங்கே எதைத் தானம் கொடுக்கிறார்களோ, அது அங்கே அவருக்குக் கிடைக்கும். கோட்டு கொடுத்தால் கோட்டு, செருப்பு கொடுத்தால் செருப்பு, ரொட்டி கொடுத்தால் ரொட்டி. கொடுப்பவர், 'அவர் முன்னால் போய்ச் சேரட்டும்' என்பார். வாங்குபவர், 'கடவுள் மன்னிக்கட்டும்' என்பார். முடிந்தது. நாற்பது நாளைக்குள் இதைச் செய்யாத குடும்பம் அங்கே கிடையாது. குடிகாரனுக்கும் செய்வார்கள், திருடனுக்கும் செய்வார்கள்.

"கோட்ட வித்துட்டேன். பூட்ஸ வித்துட்டேன். அவிச்ச கோதுமை ஒரு மணி யாருக்கும் கொடுக்கல. வெறுங்காலோட, வெறும் வயித்தோட, நடந்தே போகட்டும்." கெர்கினா கோபமாகச் சொல்லவில்லை. சமையல் குறிப்பு சொல்லும் குரலில் சொன்னாள். "சந்தைக்குப் போனா மூட்டையும் அவனும் கார்ல. நான் நடந்து வரணும். பக்கத்துலயே ஊர்ந்து ஓட்டிக்கிட்டு வருவான், ஜன்னலத் திறந்து வெச்சு, பாடிக்கிட்டே. கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படித்தான்."

பின்சீட்டு ஈரத்தைப் பற்றி ரங்கெல் கேட்டபோதுதான் அவள் சிரித்தாள்.

"அவன் பொணத்த ஆத்துலேருந்து எடுத்தாங்கல்ல? அவன் கார்லயே கொண்டுவந்தாங்க. டிக்கி முழுக்க மிளகா மூட்டை. அத இறக்க எவனுக்கும் மனசு வரல. அதான் பின்னாடி உட்கார வெச்சு, பெல்ட் போட்டு, மாப்பிள்ளை மாதிரி கூட்டிட்டு வந்தாங்க."

ரங்கெலும் மரியாதைக்குச் சிரித்துவைத்தான். ஸோர்னிட்சாவிடம் இதில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இப்போது அவன் மறுபடி வேலையைத் தொடங்கினான். வெந்நீரில் வினிகர் கலந்தான். கறையை மட்டும் நனைத்தால் அதைச் சுற்றி வளையம் கட்டும். அதனால் சீட்டு முழுவதையும் தையலிலிருந்து தையல்வரை சமமாக நனைத்தான். வெளி விளிம்பிலிருந்து நடுவை நோக்கித் துணியால் ஒற்றினான், தேய்க்கவில்லை. தேய்த்தால் கறை உள்ளே ஓடும். பிறகு தண்ணீரைப் பீய்ச்சி உடனே உறிஞ்சும் மெஷினை வைத்து மெதுவாக இழுத்தான். கண்ணாடிக் குழாய் வழியாக அழுக்குத் தண்ணீர் ஓடியது. சரசரவென்று சத்தம். தண்ணீருக்கு அந்தச் சத்தம் வராது. தொட்டியைத் திறந்து பார்த்தான். அடியில் மெல்லிய ஆற்று மணல் படிந்திருந்தது, அதில் பச்சையாக ஒரு பாசி நூல். நேற்றும் இப்படித்தான் கிடந்தது. ஒரு சீட்டுக்குள் எவ்வளவு மணல் இருக்க முடியும்?

சரி, அடியில்தான் ஏதோ இருக்கிறது என்று சீட்டையே கழற்றினான். கொக்கியை விடுவித்து, துணியைப் பின்னுக்கு உரித்து, ஸ்பாஞ்சைப் பார்த்தான். மஞ்சளாக, பொடிப்பொடியாக, காய்ந்துபோயிருந்தது. கன்னத்தை வைத்துப் பார்த்தான், துளி ஈரமில்லை. துணியின் அடிப்பக்கம்கூடக் காய்ந்திருந்தது. ஈரம் மேல்பக்கத்தில் மட்டும் இருந்தது. அப்படியென்றால் அது உள்ளேயிருந்து வரவில்லை. மேலேயிருந்து வருகிறது.

இந்த எண்ணம் வந்ததும் அவன் செய்த காரியம் கொஞ்சம் முட்டாள்தனமானது. சீட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, முன்னால் போய் டிரைவர் இடத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். பயந்தவன் தனக்குப் பயமில்லை என்று காட்ட வேறு என்ன செய்வான்? வெளியே பகல் மங்கிக்கொண்டிருந்தது. மூடுபனிக்குள் எங்கோ லாரி ஒன்று கியர் மாற்றிப் போனது. விசிறியின் சத்தம் கதவுக்கு வெளியே நின்றுவிட்டது. உள்ளே வினிகர் வாசனை. அதற்கு அடியில் ஊறிப்போன கம்பளி வாசனை. அதற்கும் அடியில் ஆற்றங்கரைச் சேற்றைக் காலால் கிளறினால் எழுமே, அந்த வாசனை. அவன் அசையாமல் இருந்தான். முதுகுக்குப் பின்னால் சீட்டின் துணியில் இரண்டு இடங்களில் ஏதோ மெதுவாக அழுத்தியது.

முட்டி. பின்னால் உட்கார்ந்திருக்கும் நெட்டையான ஆளின் இரண்டு முட்டி.

கதவைத் திறந்துகொண்டு அவன் தரையில் விழுந்த விதத்தைப் பார்த்திருந்தால் ஸ்பாஸ் வாரம் முழுக்கச் சிரித்திருப்பார். எழுந்து, பின்கதவு வழியாக டார்ச்சை அடித்தான். யாருமில்லை. டிரைவர் சீட்டின் முதுகுப்பக்கத் துணியில், முட்டி அழுத்திய இடத்துக்கு மேலே, தலை வைக்கும் மெத்தைக்கு இரண்டு பக்கமும், ஈரமான இரண்டு கை அச்சு. பின்னால் இருப்பவர்கள் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கு வந்து டிரைவர் காதில் பேசுவார்களே, அப்படி.

மறுநாள் காலை எல்லாம் காய்ந்திருந்தது.

நம்பவே முடியவில்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்தான். கை அச்சும் இல்லை, கரை கட்டிய வளையமும் இல்லை. துணியின் மயிரைப் பிரஷ்ஷால் ஒரே திசையில் சீவிவிட்டபோது சீட்டு புதுசுபோல இருந்தது. தன்னைத்தானே திட்டிக்கொண்டான். தூக்கமில்லாமை, தகப்பன் ஆன படபடப்பு, அந்தக் கெர்கினா சொன்ன கதை, எல்லாம் சேர்ந்து ஆட்டிவைத்திருக்கிறது. ஆனாலும் அந்த இடத்தில் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைப் போட்டு, மேலே கம்பளத்தை விரித்தான். பிள்ளையைப் படுக்கவைத்துப் பெல்ட் போடும் கூடையை மறுபக்க ஜன்னலோரம் கட்டினான்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள். அவன் சாக்லேட் பெட்டியை அவள் கையில் கொடுத்தான். ஸோர்னிட்சா வெளுத்துப்போய், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், அப்படியொரு அழகாக இருந்தாள். பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தும்போது அவன் அந்த மூன்றாவது இடத்தைப் பார்த்தான். கம்பளம் சுருக்கமில்லாமல் இருந்தது.

ஆற்றோரச் சாலையில் ஏறியதும் மூடுபனி சூழ்ந்தது. விளக்கைப் போட்டு மெதுவாக ஓட்டினான். உள்ளே ஹீட்டர் இதமாக ஓடியது, பிள்ளை தூக்கத்தில் சப்புக்கொட்டியது. அவன் கண்ணாடியில் அடிக்கடி பின்னால் பார்த்தான். பார்க்கும்போதெல்லாம் ஸோர்னிட்சா கொஞ்சம் கொஞ்சமாகக் கூடைப் பக்கம் நகர்ந்திருந்தாள்.

"ஏன் அப்படி ஒடுங்கி உட்கார்ந்திருக்க? அந்தப் பக்கம் அவ்ளோ இடம் இருக்கே."

"தெரியல. இடம் பத்தல."

"தள்ளி உட்காரேன்."

"தள்ளிப் பாத்தேன், ரங்கெல். பத்தல." அவளுக்கே அது விநோதமாகப் பட்டிருக்க வேண்டும், சிரிக்கப் பார்த்தாள். "சீட்டு ஏன் இவ்ளோ சில்லுனு இருக்கு? நீ சரியாக் காயவெக்கலையா?"

கம்பளத்துக்கு அடியில் பிளாஸ்டிக் நசுங்கும் சத்தம் கேட்டது. மெதுவாக, நீளமாக. கனமான ஒருவன் ஒரு பிட்டத்திலிருந்து இன்னொரு பிட்டத்துக்கு மாறி உட்காரும் சத்தம்.

"அசையாத ஸோர்னிட்சா, பாப்பா எழுந்துக்கும்."

"நான் அசையவே இல்லையே."

பிள்ளை வீறிட்டது. பசியில் அழும் அழுகை அல்ல அது. அழுகைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தது, குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் வருவதுபோல. ஸோர்னிட்சா தடவினாள், முத்தம் கொடுத்தாள், கம்பளியை விலக்கிப் பார்த்தாள். "ஐயோ, கால் நனைஞ்சிருக்கு. எப்படி நனைஞ்சுது? கூடை விளிம்பு பூரா ஈரம், ரங்கெல். யாரோ ஈரக் கையால பிடிச்ச மாதிரி..."

அவன் முதுகில் இரண்டு முட்டி அழுத்தியது. பிறகு தோளுக்கு இரண்டு பக்கமும் சீட்டு மெதுவாகப் பின்னுக்கு இழுபட்டது. யாரோ பிடித்துக்கொண்டு முன்னுக்கு வருகிறான். வலது காதில் குளிர்ந்த காற்று பட்டது. சேற்று வாசனை. காற்றுக்குள் ஒரு ராகம். வாயைத் திறக்காமல் முனகும் பாட்டு. சந்தைப் பாட்டு.

ரங்கெல் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்தது. வீடு இன்னும் தூரம். ஸ்பாஸ் மாமாவின் கொட்டகை அடுத்த வளைவில். திருப்பிவிட்டான்.

"வேற கார் எடுத்துட்டு வரேன். இதுல... இதுல ஹீட்டர் ஒழுகுது. இங்கயே இரு, எஞ்சின நிறுத்தாத." கேட்டருகே நிறுத்திவிட்டு ஓடினான். பிள்ளையின் அழுகை பின்னாலேயே வந்து, தேய்ந்து, சட்டென்று நின்றது. தூங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

கொட்டகையின் கோடியில் இருந்த அறையில் ஸ்பாஸ் அடுப்பருகே உட்கார்ந்திருந்தார். பிள்ளை பிறந்ததைக் கொண்டாட மேசையில் ரொட்டி, கொத்துக்கறி, ஒரு பாட்டில் சாராயம்.

"வாடா, அப்பன் ஆனவனே! எங்க என் பேத்தி?"

"மாமா, வேற கார் சாவி குடுங்க. எதுனாலும் சரி."

"பனிக்காலம்டா. எல்லாத்துலயும் பாட்டரி கழட்டிக் கிடக்கு. கொஞ்சம் பொறு, ஒண்ணு மாட்டுவோம்." அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தார். சின்னக் கண்ணில் குஷி ஏறியது. "என்ன, அந்தாளு கூட வரானா? ஹா! பெல்ட் போட்டிருக்கானா இல்லையா?"

ரங்கெலுக்கு அவரை அடிக்கக் கை துறுதுறுத்தது. அடிக்கவில்லை. அந்த நேரத்தில் அவன் மூளை வேறெங்கோ வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. வேறு கார் எடுத்தால் மட்டும் என்ன? அந்த ஆள் இறங்கிக் கூட வரமாட்டானா? பிள்ளையின் காலைத் தொட்டுவிட்டானே. அவன் ஏன் வருகிறான்? அவனிடம் ஒன்றுமே இல்லை. கோட்டு இல்லை, பூட்ஸ் இல்லை, யாரும் எதுவும் கொடுக்கவில்லை. நடக்கச் சொல்லிவிட்டார்கள். நடக்கப் பிடிக்காமல் தன் காரில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவுதானே? கார்தானே வேண்டும்? எடுத்துக்கொண்டு போகட்டும்.

கார் இப்போது ரங்கெலுடையது. கெர்கினா கொடுக்கமாட்டேன் என்றால் அவன் கொடுப்பான்.

அப்போதும் அவன் அவசரப்படவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும், அவன் கவனமானவன். பெண்டாட்டியும் பிள்ளையும் உள்ளே இருக்கும் காரை எவனாவது செத்தவனுக்குத் தானம் கொடுப்பானா? அவர்களைக் கூட்டிவந்துவிட்டுத்தான் என்று ஜன்னல் பக்கம் திரும்பினான். மூடுபனியில் ஸோர்னிட்சா முற்றத்தைக் கடந்து பின்பக்கம் போய்க்கொண்டிருந்தாள். கொஞ்சம் குனிந்து, வேகவேகமாக, மார்போடு வெள்ளையாக எதையோ அணைத்தபடி. ரங்கெலுக்குப் போன உயிர் திரும்பியது. இறங்கிவிட்டாள். பிள்ளையோடு இறங்கிவிட்டாள். கார் காலி.

பலகையில் தொங்கிய, அதே காரின் இன்னொரு சாவியை எடுத்தான். மேசையில் இருந்த ரொட்டியின் மேல் அதை வைத்து, இரண்டு கையாலும் நீட்டினான்.

"பிடிங்க மாமா. வெலிச்கோவோட ஆத்மாவுக்கு."

ஸ்பாஸ் மெல்லுவதை நிறுத்தினார். "பைத்தியமாடா உனக்கு? நான் குடுத்த காரை எனக்கே தானம் பண்றியா?"

"பிடிங்க."

"சரி, பிடிக்கிறேன். நஷ்டம் உனக்குத்தான். ஆனா ஒழுங்கா பண்ணு. காலிப் பாத்திரத்த யாராவது தானம் குடுப்பாங்களா? உள்ள ஏதாவது இருக்கணும். உங்கம்மா செத்தப்போ சட்டியில தேன் ஊத்தித்தானே குடுத்த?"

உண்மைதான். வெறும் பாத்திரம் கொடுத்தால் அங்கே போய்ச் சேராது, திரும்பி வந்துவிடும் என்பார்கள். திரும்பி வரக்கூடாது. எதுவும் திரும்பி வரக்கூடாது. காருக்குள் என்ன இருக்கிறது என்று ரங்கெல் யோசித்தான். பூங்கொத்து. மீதி சாக்லேட். பிள்ளைக்கு ஸோர்னிட்சா பின்னிய சின்னச் சட்டைகள், குல்லா, காலுறை நிறைந்த பை. அதை நினைத்தபோது மனசு கொஞ்சம் வலித்தது. பரவாயில்லை, மறுபடி பின்னிக்கொள்ளலாம்.

"உள்ள இருக்கிறது எல்லாத்தோடயும் சேர்த்துக் கொடுக்கிறேன்," என்றான். "எதையும் மிச்சம் வெக்காம. வெலிச்கோ முன்னால போய்ச் சேரட்டும்."

ஸ்பாஸ் சாவியை எடுத்துக்கொண்டு, ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். வாய் நிறையச் சிரிப்போடு சொன்னார்.

"கடவுள் மன்னிக்கட்டும்."

வெளியே எஞ்சின் நின்றது.

ரங்கெல் நீண்ட மூச்சு விட்டான். மூக்கிலிருந்து சேற்று வாசனை போயிருந்தது. அடுப்பில் எரியும் விறகின் வாசனை இப்போதுதான் தெரிந்தது. ரொட்டி வாசனையும். உட்கார வேண்டும்போல இருந்தது.

பின்கதவு திறந்து ஸோர்னிட்சா வந்தாள். கை நனைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளைத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"மன்னிச்சுக்க, தாங்க முடியல, பாத்ரூமுக்குப் போயிட்டேன். ரத்தம் ரொம்பப் போகுது. இவ இப்பதான் கண்ண மூடினா, தூக்கினா எழுந்துடுவாளேன்னு... கார் இதமா இருக்கேன்னு..." அவன் முகத்தைப் பார்த்தாள். "நீ இங்க என்ன பண்ற? பாப்பாகிட்ட யார் இருக்கா?"

துண்டு. வெள்ளைத் துண்டு.

அவன் ஓடினான். முற்றத்தில் வழுக்கி விழுந்தான். எழுந்து ஓடினான். கார் அங்கேயேதான் நின்றது. கதவுகள் சாத்தியிருந்தன. ஜன்னல்கள் உள்பக்கம் வியர்த்திருந்தன. கைப்பிடியை இழுத்தான். திறந்தது.

டிரைவருக்குப் பின்னால் இருந்த இடம் சுத்தமாக இருந்தது. கம்பளம் இல்லை, பிளாஸ்டிக் இல்லை. துணி உலர்ந்து, மயிர் நிமிர்ந்து, கடையிலிருந்து வந்ததுபோல. பூங்கொத்து இல்லை. பை இல்லை.

கூடை இருந்தது. பெல்ட் போட்டபடி. மார்புப் பட்டை பூட்டியபடி, இறுக்கமாக, யாரும் அவிழ்க்காமல். பட்டைக்கு அடியில் ஒன்றும் இல்லை.

கூடைத் துணியில் ஈரம் இருந்தது. ஒரு சின்ன வட்டம், தலை. அதற்குக் கீழே கையகலத்தில் முதுகு. மடங்கிய இரண்டு கால். அரும்புபோல இரண்டு குதிகால். தொட்டான். சூடாக இருந்தது.

ஸோர்னிட்சா அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கத்தவில்லை. என்ன பார்க்கிறோம் என்று அவளுக்குப் புரியவில்லை. கையில் இருந்த துண்டோடு, சிந்தியதைத் துடைக்கப் போகும் எந்தத் தாயையும்போலக் கூடைக்குள் குனிந்தாள்.

"துடைக்காத!" அவன் அலறினான். "துடைக்காத, துடைக்காத, தொடாத!"

விளிம்பு காயத் தொடங்கியிருந்தது. குதிகால் முதலில் போனது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான், வெளியிலிருந்து நடுவை நோக்கி, அவன் ஒற்றி எடுக்கும் அதே ஒழுங்கில் போனது. தண்ணீர் விட்டால் வடிவம் கலைந்துவிடும். கை வைத்தால் கையோடு வந்துவிடும். கறையைப் போக்க அவனுக்கு நூறு வழி தெரியும். இருக்கவைக்க ஒன்றும் தெரியாது. மூச்சின் ஈரமாவது படட்டும் என்று வாயைத் திறந்து அதன்மேல் ஊதினான். ஊதிக்கொண்டே இருந்தான். கால் போனது. முதுகு போனது.

கொட்டகை வாசலில் ஸ்பாஸ் கையில் சாவியோடு வந்து நின்றார்.

தலையிருந்த வட்டம் மட்டும் மிச்சம் இருந்தது. அதன்மேல் ஸோர்னிட்சா கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "சூடா இருக்கா, ரங்கெல், இன்னும் சூடாத்தான் இருக்கா" என்றாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். எழுந்திரு என்று சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை.